நச்சு வாயுக்களை அடக்கும் முறை

நூலை வெளுப்போரும், சாயமிடுவோரும், விளைந்த தானியத்தைக் கிடங்கிற் காப்போரும் தத்தம் தொழிலில் நாள்தோறும் சில இரசாயனப் பொருள்களைக் கையாளுகின்றனர். இவற்றைத் தூளாகவும், கட்டியாகவும், வில்லையாகவும், நீர்மமாகவும் நாம் வாங்குகின்றோம். வாயுவாக வாங்குவது அரிது. ஆகவே, நச்சு வாயு என்பது பெருந்தொழிற்சாலைகளுக்கே உரிய இடர் என்றும், நமது பட்டறைக்கும் கிடங்கிற்கும் அதனோடு தொடர்பு யாதும் இல்லை என்றும் பலர் எண்ணி விடுகின்றனர். இவ்வெண்ணம் உயிருக்கே கேடு விளைவிக்கத் தக்கது. நாம் மூட்டையிலும் டப்பாவிலும் அடைத்து வைத்திருக்கும் பொருள்கள் சிலவற்றுள் வாயு உறங்கிக் கொண்டிருக்கின்றது. சிறிது அமிலமோ, சிறிது ஈரமோ பட்டால் அது வெளிப்பட்டு விடும்.

இவ்வாயுக்கள் எங்கே பிறக்கின்றன, அவற்றைப் பிறவாமற் காப்பது எங்ஙனம், பிறந்துவிடின் அவற்றைப் பிடித்துத் தீங்கற்ற பொருளாக மாற்றுவது எங்ஙனம் என்பவற்றை இக்கட்டுரையில் நாம் ஆராய்வோம்.

வாயுவின் இயல்பு

நாம் உட்கொள்ளும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் ஆகும். அஃது எப்பொருளோடும் எளிதிற் கூடுவதில்லை. ஆதலின் நுரையீரலுக்குட் சென்றும் தீங்கு செய்யாது வெளிவருகின்றது. குளோரின், ஹைட்ரஜன் சல்பைடு, பாஸ்பீன், அம்மோனியா முதலிய வாயுக்களோ அத்தகையன அல்ல. அவை தாம் சேரும் பொருளோடு விரைந்து வினைபுரிவன. குளோரினும் அம்மோனியாவும் கண், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றின் ஈரத்தோடு கூடி அவ்வுறுப்புகளைப் புண்படுத்தும். ஹைட்ரஜன் சல்பைடும் பாஸ்பீனும் உடலினுள்ளே உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் ஆற்றலையே கெடுத்துவிடும்.

பிற பொருளோடு விரைந்து கூடும் இவ்வியல்பே அவற்றை நஞ்சாக்குகின்றது. அவற்றை அடக்குவதற்கு நமக்கு உதவுவதும் இவ்வியல்பே. வாயு விரும்பிக் கூடும் பொருள் ஒன்றை அதன் வழியில் வைத்துவிட்டால், அஃது அப்பொருளோடு கூடி, உப்பாகவோ படிவாகவோ மாறி அடங்கும். நச்சு வாயுவைக் கழித்தல் என்பதன் பொருள் இதுவேயாம். அதனைக் காற்றில் விட்டுவிடுதல் கழித்தல் ஆகாது. நம் இடத்திலிருந்து அயலார் இடத்திற்கு அனுப்புதலே ஆகும்.

குளோரினும் சுண்ணாம்பும்

குளோரின் வாயுவை 1774-ஆம் ஆண்டில் ஷீலே என்னும் அறிஞர் முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். அக்காலத்தில் ஐரோப்பாவில் துணி வெளுக்க வேண்டுமாயின், அதனைப் புல்வெளியில் விரித்து, மாதக்கணக்கில் வெயிலிலும் பனியிலும் கிடத்துவர். 1785-ஆம் ஆண்டையொட்டி, பிரெஞ்சு நாட்டு இரசாயன அறிஞர் பெர்த்தோலே, குளோரின் சில மணி நேரத்தில் அவ்வேலையை முடித்துவிடும் என்று கண்டறிந்தார். ஆயின் அவ்வாயுவை எடுத்துச் செல்லுதலும் கையாளுதலும் தொழிலாளருக்குப் பெருந்துன்பமாயின. 1799-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் டென்னன்ட் என்பார் நீற்றிய சுண்ணாம்பின்மேல் குளோரினைச் செலுத்தி, அதனைத் தூளாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நமது வெளுப்புப் பட்டறைகளில் பிளீச்சிங் பவுடர் என வழங்கும் வெளுப்புத்தூள் அதுவே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. வெளுப்புத்தூள் என்பது சுண்ணாம்பிற் பிடித்து வைக்கப்பட்ட குளோரின். சுண்ணாம்பும் எரிசோடாவும் போன்ற காரப் பொருள்கள் குளோரினைப் பிடித்து அடக்கும். அமிலம் அதனைத் திறந்து வெளிவிடும். காரம் பூட்டு, அமிலம் திறவுகோல். இவ்வொன்றை நினைவிற் கொண்டால், வெளுப்புப் பட்டறையின் காவல் முறைகள் யாவும் எளிதில் விளங்கும்.

அமிலம் பட்டால் எவ்வளவு வாயு வெளிப்படும் என்பதை ஒரு கணக்கால் காண்போம். நல்ல வெளுப்புத்தூளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள குளோரின் வெளிவரக் கூடும். 25 கிலோ மூட்டையொன்றில் இது 8 கிலோவுக்குச் சற்று மேற்படும். அவ்வளவும் வாயுவாக வெளிப்பட்டால் அதன் கன அளவு ஏறத்தாழ 2.8 கன மீட்டர். பத்து மீட்டர் நீளமும், ஆறு மீட்டர் அகலமும், நான்கு மீட்டர் உயரமும் உள்ள அறையில் அது பரவினால், பத்து இலட்சம் பங்கு காற்றில் குளோரின் 11,000 பங்குக்கு மேலாகும். பத்து இலட்சத்தில் 10 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து எனத் தொழில் நலத் துறையினர் வரையறுத்துள்ளனர். ஒரு மூட்டை அவ்வளவைப் போல ஆயிரம் மடங்கு தரவல்லது. வெளுப்புத்தூள் மூட்டைக்கு அருகில் அமிலச் சாடியை வைக்கலாகாது என்று கூறுவதன் காரணம் இதனால் தெளிவாகும்.

வெளுப்புத் தொட்டியிற் காவல்

நூற்கழிகளை எரிசோடாவில் அவித்து, வெளுப்புக் கரைசலில் ஊறவைத்து, பின்னர் மென்மையான அமில நீரில் அலசி முடிப்பது வழக்கம். வெளுப்புக் கரைசலுக்கு அடுத்தபடியாகவே அமிலத் தொட்டி வருவதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். நூலில் மிகுந்திருக்கும் வெளுப்பு நீர் அமிலத்தோடு கலந்தால் அத்தொட்டியிலேயே குளோரின் எழும். எனவே, இரண்டிற்கும் இடையே நல்ல நீரில் நூலை நன்கு அலசிப் பிழிதல் இன்றியமையாதது. நீர்ப் பஞ்சத்தைக் காரணமாகக் காட்டி இவ்வலசலைக் குறைப்பது கூடாது.

வெளுப்புக் கரைசலை எப்பொழுதும் காரநிலையிலேயே வைத்திருத்தல் வேண்டும். விரைவாக வெளுக்கும் பொருட்டு அதனுட் சிறிது அமிலத்தை ஊற்றும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அதனை அறவே விலக்க வேண்டும். அதனால் நூலின் வலிமையும் கெடும். தொட்டியருகில் நிற்பவரின் மூச்சும் கெடும்.

வெளுப்பு நீருக்கு ஒரு முகவையும், அமிலத்திற்கு வேறொரு முகவையும் வைத்து, இரண்டிற்கும் வெவ்வேறு நிறம் பூசுக. ஒன்றைக் கொண்ட பாத்திரத்தில் மற்றொன்றை ஊற்றலாகாது. இரு தொட்டிகளின் கழிவுநீரும் ஒரே கால்வாயிற் கலக்குமாயின் பட்டறையின் வெளியே வாயு பிறக்கும். ஆதலால், மிஞ்சிய வெளுப்பு நீரை முதலில் ஒரு தனித் தொட்டியிற் சேர்த்து, ஹைப்போ என வழங்கும் சோடியம் தயோசல்பேட்டைக் கரைத்து ஊற்றி, அதன் குளோரின் ஆற்றலை முற்றிலும் நீக்குதல் வேண்டும். அவ்வாறு நீக்கும்பொழுது நீர் காரநிலையிலேயே இருத்தல் வேண்டும். அமிலக் கழிவைத் தனியே சுண்ணாம்பால் நடுநிலைப்படுத்துக. இவை முடிந்த பின்னரே இரண்டும் சுத்திகரிப்புத் தொட்டியிற் சேரலாம்.

குளோரின் உருளைகள்

பெரிய வெளுப்பாலைகளும் குடிநீர் நிலையங்களும் அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்ட குளோரினை எஃகு உருளைகளில் வாங்குகின்றன. ஒரு லிட்டர் நீர்மக் குளோரின் வெளிப்பட்டால் ஏறத்தாழ 450 லிட்டர் வாயுவாக விரியும். இவ்வாயு காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனமானது. ஆதலின் மேலெழாது, தரையோடு படர்ந்து, பள்ளங்களிலும் நிலவறைகளிலும் தேங்கும். குளோரின் கசிந்தால் காற்று வரும் திசையை நோக்கியோ காற்றுக்குக் குறுக்காகவோ நடந்து மேட்டுநிலத்தை அடைதல் வேண்டும். அறையினுள் தரையிற் படுத்துக் கொள்வது தீங்காகும்.

கசிவு எங்கேயுள்ளது என்பதை அறிய, அம்மோனியா நீரில் தோய்த்த துணியைக் கோலின் நுனியிற் கட்டி உருளையின் அருகே காட்டுவர். குளோரின் கசியும் இடத்தில் வெண்புகை எழும். உருளை கிடைமட்டமாகக் கிடந்து நீர்மமாகக் கசியுமாயின், கசியும் பக்கம் மேலே வருமாறு அதனைத் திருப்புவர். நீர்மம் வெளிவருவதைவிட வாயு வெளிவருவது அளவிற் குறைவானது. இவ்வேலைகளைப் பயிற்சி பெற்று, தனிக்காற்று உருளையோடு கூடிய முகமூடி அணிந்தவரே செய்தல் வேண்டும்.

கசியும் உருளையின்மேல் நீர் ஊற்றலாகாது. உலர்ந்த குளோரின் எஃகைத் தின்பதில்லை. ஈரம் சேர்ந்த குளோரினோ அமிலமாகி எஃகை அரித்து, ஊசித் துளையைப் பெருந்துளையாக்கிவிடும். உருளையை நீர்த்தொட்டியிலோ காரத்தொட்டியிலோ அமிழ்த்துவதும் தவறு. வாயுவைக் குழாய் வழியே காரக் கரைசலுக்குட் செலுத்துவதே முறை. கணக்கின்படி ஒரு கிலோ குளோரினைப் பிடிக்க ஏறத்தாழ 1.13 கிலோ எரிசோடாவோ, 1.04 கிலோ நீற்றிய சுண்ணாம்போ தேவை. இவ்வினையில் வெப்பம் மிகும் என்பதாலும், காரம் தீர்ந்தவுடன் வாயு மீண்டும் வெளிவரும் என்பதாலும், நூறு கிலோ உருளைக்கு 125 கிலோ எரிசோடாவைப் போதிய நீரிற் கரைத்து எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருத்தல் நன்று. கசிவு கண்ட பிறகு எரிசோடாவைத் தேடி ஆள் அனுப்புவது, வெள்ளம் வந்த பின் அணை கோலுவதை ஒக்கும்.

குளோரினின் இயல்பை நெசவாளர் நன்கு உணர்தற்கு ஒரு நிகழ்ச்சியை இங்குக் கூறுவோம். அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தில் கிரானிட்வில் என்னும் நெசவாலை ஊர் உள்ளது. 2005-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் பின்னிரவில், அவ்வூரின் வழியே சென்ற சரக்கு இரயில் ஒன்று, பாதை மாற்றி சரியாகத் திருப்பப்படாமையால், ஆலையின் பக்கத் தடத்தில் நின்ற வண்டியோடு மோதிற்று. குளோரின் நிறைந்த தொட்டி வண்டியொன்று உடைந்தது. வாயு தரையோடு படர்ந்தது. ஒன்பது பேர் மாண்டனர். அவர்களுட் பலர் ஆலையில் இரவுப் பணியில் இருந்த தொழிலாளர். ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஈரக் குளோரின் ஆலையின் இயந்திரங்களையும் அரித்தது. அந்நெசவாலை நிறுவனம் 2006-இல் மூடப்பட்டது. வாயு ஒரே இரவில் தொழிலாளரின் உயிரையும் ஊரின் பிழைப்பையும் கொண்டு சென்றது.

சாயத் தொட்டியில் எழும் வாயு

கந்தகக் கறுப்புச் சாயமிடுவோர் சோடியம் சல்பைடைப் பயன்படுத்துவர். காரநிலையில் இருக்கும்வரை இஃது அடங்கியிருக்கும். அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு எழும். அழுகிய முட்டையின் நாற்றம் அதன் அடையாளம். ஆயின் நாற்றத்தை நம்பியிருத்தல் பேதைமை. பத்து இலட்சம் பங்கு காற்றில் இவ்வாயு ஏறத்தாழ 100 பங்கை எட்டினால், மூக்கின் முகரும் ஆற்றல் சில நிமிடங்களில் மரத்துவிடும். நாற்றம் நின்றது கண்டு, வாயு நீங்கிற்று என எண்ணி உள்ளே செல்பவர் மீள்வதில்லை. அளவு இன்னும் பல மடங்கு மிகுந்தால் ஓரிரு மூச்சிலேயே மயங்கி விழுவர்.

இவ்வாயு சாயத் தொட்டியில் மட்டும் பிறப்பதன்று. சாயக் கழிவுநீரும் சேறும் பல நாள் மூடிய தொட்டியிற் கிடந்தால், அவற்றிலுள்ள சல்பேட்டு உப்புக்களை நுண்ணுயிர்கள் சிதைத்து இவ்வாயுவை உண்டாக்கும். மேலே அமைதியாகத் தோன்றும் சேற்றைக் கிளறினாலே அதில் அடங்கியிருந்த வாயு ஒருங்கே எழும். தொட்டியைத் தூய்மை செய்ய இறங்கிய ஒருவர் விழுந்தார், அவரைத் தூக்கச் சென்ற இருவரும் விழுந்தனர் என்னும் செய்தியை நாளிதழ்களில் நாம் திரும்பத் திரும்பப் படிக்கின்றோம். முதலில் விழுந்தவரை வாயு கொன்றது. அடுத்தவர்களை அவர்களுடைய இரக்கமே வாயுவினிடம் கொண்டு சென்றது. தனிக்காற்று முகமூடியும், இடுப்புக் கயிறும், மேலே நின்று இழுக்கும் ஆட்களும் இன்றி எவரும், எக்காரணம் கொண்டும், விழுந்தவரை மீட்கவும், தொட்டியில் இறங்கலாகாது. மூக்கிற் கட்டிய ஈரத்துணி இவ்வாயுவைத் தடுக்காது. சேற்றை இயந்திரத்தால் இறைப்பதே நெறி. ஆளை இறக்கும் எண்ணத்தையே சங்கங்கள் கைவிட வேண்டும்.

சல்பைடு கழிவைக் கழிக்கும் முறை கடினமானதன்று. அதனை அமிலக் கால்வாயோடு சேராது தனியே தேக்கி, சுண்ணாம்பிட்டுக் காரநிலையை உறுதி செய்க. பின்னர், சாயத் தொழிலில் நமக்கு நெடுங்காலமாகப் பழக்கமான அன்னபேதியைக் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுக. அன்னபேதியிலுள்ள இரும்பு, சல்பைடோடு கூடிக் கரிய படிவாக அடியில் தங்கும். ஊற்றும் காலத்திலும் நீர் காரநிலையில் உள்ளதா என்று தாள் கொண்டு சோதித்தல் வேண்டும். படிந்த கருஞ்சேற்றையும் அமிலம் படாத இடத்திலேயே வைத்து, மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஒப்பும் வழியில் அகற்றுக. அமிலம் பட்டால் அதிலிருந்தும் வாயு திரும்ப எழும்.

தொட்டிச் சாயங்களுக்கு உதவும் ஹைட்ரோஸ் தூளையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். ஈரம் பட்டால் அது தானே சூடேறி, கந்தக டை ஆக்சைடு வாயுவைக் கக்கும், தீப்பற்றவும் கூடும். ஈரக் கரண்டியால் அதனை அள்ளுவதும், டப்பாவைத் திறந்து வைப்பதும் கூடா.

தானியக் கிடங்கில் எழும் வாயு

வேளாண் பெருமக்கள் அறிந்த அலுமினியம் பாஸ்பைடு வில்லைகளிலும் இதே நியதி செயற்படுகின்றது. இங்குத் திறவுகோல் ஈரம். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் வில்லை சிதைந்து பாஸ்பீன் வாயுவை விடுகின்றது. அவ்வாயுவே வண்டுகளையும் அந்துப்பூச்சிகளையும் அழிப்பது. மூன்று கிராம் வில்லையொன்று ஒரு கிராம் பாஸ்பீன் தரும். நீளமும் அகலமும் உயரமும் மும்மூன்று மீட்டர் உள்ள ஓர் அறையில் ஒரே ஒரு வில்லையின் வாயு பரவினால், பத்து இலட்சம் பங்கு காற்றில் அது ஏறத்தாழ 27 பங்காகும். பணியிடத்தில் நாள் முழுதும் இருத்தற்கு வகுக்கப்பட்ட வரம்பு 0.3 பங்கு. ஒரு வில்லை அவ்வரம்பைத் தொண்ணூறு மடங்கு மீறுகின்றது. இந்நஞ்சிற்கென உரிய மாற்று மருந்தும் இல்லை.

ஆதலின், மக்கள் படுத்துறங்கும் வீட்டிலோ, அதனை ஒட்டிய அறையிலோ, நெல் மூட்டைகளுக்கிடையே இவ்வில்லையை வைத்தல் கொடிய செயலாகும். சுவரின் வெடிப்பு வழியாகவும் கதவின் இடுக்கு வழியாகவும் வாயு அடுத்த அறைக்குச் செல்லும். சிறு குழந்தைகள் முதலில் பாதிக்கப்படுவர். இந்தியாவில் இம்மருந்தின் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது. பயிற்சி பெற்றோர் மேற்பார்வையிலேயே பயன்படுத்தத் தக்கது. தானியத்தைக் காக்க விரும்பும் அங்கத்தினர் அதனைச் சங்கக் கிடங்கிற் சேர்ப்பதே நன்று.

சங்கக் கிடங்கில் மருந்திடும்போது வில்லைகளைக் குவியலாக வைக்கலாகாது. குவிந்தால் வாயு ஓரிடத்தில் மிகுந்து தானே தீப்பற்றும். மழை நாளில் டப்பாவைத் திறத்தல் ஆகாது. மூடிய கிடங்கின் வாயிலில் எச்சரிக்கைப் பலகை தொங்க வேண்டும். குறித்த நாள் கழிந்த பின்னர்க் கதவுகளைத் திறந்து, காற்றோட்டம் விட்டு, அளவு கருவியாற் சோதித்த பிறகே உள்ளே செல்லலாம்.

எஞ்சிய சாம்பல்நிறத் தூளில் சிதையாத மருந்து சிறிது இருக்கும். அதனைக் குப்பையிற் கொட்டுவதும், மூடிய பையிற் சேர்த்து வைப்பதும் தீ விபத்திற்கு வழியாகும். திறந்த வெளியில், ஓர் அகன்ற பீப்பாயில் சோப்புத்தூள் கலந்த நீரை நிரப்பி, காற்று வீசும் பக்கத்தில் முகமூடியணிந்து நின்று, அத்தூளைச் சிறுகச் சிறுக நீரினுள் இட்டுக் கலக்குதல் வேண்டும். தூளை நீரில் இடுக. தூளின்மேல் நீரை ஊற்றற்க. குமிழி எழுவது முற்றிலும் நின்ற பின்னரே கழித்தல் முடிந்ததாகும். பீப்பாயை மூடுவது எக்காலத்தும் கூடாது.

உருளைக்கிழங்கு, பழம் முதலியவற்றைக் காக்கும் குளிர்பதனக் கிடங்குகளில் அம்மோனியா உண்டு. குளோரின் உருளையின்மேல் நீர் ஊற்றலாகாது என்றோம். அம்மோனியா வாயுவோ நீரில் மிகுதியாகக் கரைவது. அதன் புகையை நீர்த்தூவலால் அடக்கலாம். தரையில் தேங்கிய நீர்ம அம்மோனியாவின்மேல் மட்டும் நீரைப் பாய்ச்சலாகாது. பாய்ச்சினால் அது கொதித்தெழும். அம்மோனியா கரைந்த நீர் குளத்திற் சென்றால் மீன்கள் மடியும்; ஆகையால் அதனைத் தேக்கி வைத்தல் வேண்டும். ஒரு வாயுவிற்கு மருந்தானது மற்றொன்றிற்குத் தீங்காதல் கூடும். கையாளும் பொருளின் பெயரை அறியாமல் எதனையும் செய்யப் புகலாகாது.

போபால் தரும் படிப்பினை

கருவிகள் இருப்பது மட்டும் போதாது. அவை இயங்கும் நிலையில் இருத்தல் வேண்டும். இதனை உலகம் உணர்ந்தது 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் இரவில். போபால் நகரத்தில் கார்பரில் என்னும் பூச்சிக்கொல்லியைச் செய்வதற்கென மெதில் ஐசோசயனேட் என்னும் நச்சுப்பொருள் தொட்டிகளிற் சேமிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 40 டன் இருந்த தொட்டியொன்றில் நீர் புகுந்தது. வினை மூண்டது, வெப்பம் மிகுந்தது, நச்சாவி பீறிட்டுத் தூங்கும் நகரத்தின்மேற் படர்ந்தது. 3,787 பேர் மாண்டதாக மத்தியப் பிரதேச அரசு பின்னர் உறுதி செய்தது. நோயுற்றுப் பல ஆண்டுகள் துன்புற்று மடிந்தோரும், இன்றும் துன்புறுவோரும் மிகப் பலர்.

அத்தொழிற்சாலையில் காவற் கருவிகள் இல்லாமற் போகவில்லை. பொருளைக் குளிர்ச்சியாக வைக்கும் குளிர்பதனப் பொறி அங்கிருந்தது; அது பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. ஆவியை எரிசோடாக் கரைசலாற் கழுவி அடக்கும் கோபுரம் இருந்தது. அஃது இயக்கத்தில் இல்லை. எஞ்சிய ஆவியை எரித்தழிக்கும் தீக்கோபுரம் இருந்தது. அதற்குச் செல்லும் குழாய் பழுதுபார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. நீரைப் பீச்சும் குழாய்கள் இருந்தன. அவற்றின் நீர் ஆவி வெளிவந்த உயரத்தை எட்டவில்லை. முழு வேகத்தில் எழுந்த அவ்வளவு ஆவியையும் அக்கோபுரம் தனித்து அடக்கியிருக்குமா என்பது வேறு. காவல்கள் யாவும் ஒருங்கே உறங்கிய இரவில் ஊரும் உறங்கிக் கொண்டிருந்தது என்பதே நாம் நெஞ்சிற் பதிக்க வேண்டிய உண்மை.

மறு ஆண்டு, 1985 டிசம்பர் 4-ஆம் நாள், டெல்லியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஓலியம் என்னும் கந்தக அமில ஆவி கசிந்தது. அவ்வழக்கில் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு நெறியை வகுத்தது. இடர்மிக்க பொருளை வைத்துத் தொழில் நடத்துவோர், அதனால் விளையும் கேட்டிற்கு முற்றிலும் பொறுப்பாவர். தம்மால் இயன்ற கவனத்தை மேற்கொண்டோம் என்று கூறித் தப்ப இயலாது என்பது அந்நெறி. பாதுகாப்பு என்பது தொழிலாளிக்குக் காட்டும் சலுகை அன்று, தொழில் நடத்துவோரின் கடன் என்பதை நமது சங்க நிர்வாகிகளும் உணர்ந்து நடத்தல் வேண்டும்.

சங்கங்கள் செய்யத் தக்கவை

1. பட்டறையிலும் கிடங்கிலும் உள்ள இரசாயனப் பொருள்களின் பட்டியலைத் தமிழில் எழுதி, எதனோடு எது சேரலாகாது என்பதையும் குறித்துச் சுவரில் ஒட்டுக.

2. அமிலங்களை ஓர் அறையிலும், வெளுப்புத்தூள், சோடியம் சல்பைடு ஆகியவற்றை அமிலம் அணுகாத வெவ்வேறு அறைகளிலும், ஈரம் படலாகாத பொருள்களைத் தரையினின்று உயர்த்திய பலகையிலும் வைக்க.

3. காரக் கரைசல், சுண்ணாம்பு, ஹைப்போ, அன்னபேதி ஆகியவை இருப்பில் உள்ளனவா என்பதை வாரந்தோறும் ஒருவர் பார்த்துக் கையொப்பமிடுக.

4. முகமூடியைப் பூட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். எளிதில் எடுக்கும் இடத்தில், வாயு எழக்கூடிய அறைக்கு வெளியே அஃது இருத்தல் வேண்டும். மாதம் ஒருமுறை அணிந்து பழகுக.

5. வாயு தாக்கியவரைத் தூய காற்றுக்குக் கொண்டு சென்று, தளர்த்திய ஆடையுடன் அமைதியாக வைத்திருக்க. கண் எரிந்தால் பதினைந்து நிமிடம் நல்ல நீரால் கழுவுக. குளோரின் தாக்கியவர் தேறியதுபோல் தோன்றினும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்தல் கூடும். ஆதலால் எவரையும் மருத்துவமனைக்கு அனுப்பாது வீட்டிற்கு அனுப்பலாகாது. எப்பொருளின் வாயு என்பதை மருத்துவரிடம் தெரிவிக்க.

6. அக்கம்பக்கத்து வீட்டாருக்கும் எச்சரிக்கை மணியின் பொருளையும், எத்திசையில் செல்ல வேண்டும் என்பதையும் முன்கூட்டியே அறிவித்து வைக்க.

இவற்றிற்கு ஆகும் செலவு பெரிதன்று. சில மூட்டைச் சுண்ணாம்பும், ஓரிரு தனித் தொட்டிகளும், இரண்டு நல்ல முகமூடிகளும், ஒருவரது இடையறாக் கவனமுமே வேண்டுவன. தனியொரு நெசவாளரோ உழவரோ இவற்றை வாங்கிப் பேணுதல் அரிதாகலாம்; பலர் கூடிய சங்கத்திற்கு அஃது எளிது. விலைபேசுவதற்கும் கடன் பெறுவதற்கும் நாம் ஒன்றுபட்டோம். ஒருவர் மூச்சை மற்றவர் காப்பதற்கும் அவ்வொற்றுமை பயன்பட வேண்டும்.

கலந்தாய்வுக்குரிய வினாக்கள்

அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் பின்வருவனவற்றை ஆராய்வார்களாக.

1. நமது பட்டறையில் வெளுப்பு நீரும் அமில நீரும் எவ்விடத்திற் சந்திக்கின்றன?

2. கந்தகச் சாயக் கழிவு எக்கால்வாயிற் செல்கின்றது? அக்கால்வாயில் வேறு என்ன கலக்கின்றது?

3. கழிவுத் தொட்டியை இறுதியாகத் தூய்மை செய்தது யார்? அவர் உள்ளே இறங்கினாரா?

4. கிடங்கில் மருந்திட்ட பின் எஞ்சிய தூள் எங்கே போடப்பட்டது?

5. இன்றிரவு கசிவு நேர்ந்தால், முகமூடி எங்குள்ளது என்பதை இரவுக் காவலர் அறிவாரா?